மாமாவின் பெட்டியில் கிடைத்த சேவலும் டிராகனும்: என்ன உலோகம், என்ன விலை?

கொழிஞ்சாம்பாறைப் பக்கத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். சிங்கப்பூரில் நெடுங்காலம் வேலை பார்த்த தாய்மாமா காலமான பிறகு அவருடைய பெட்டியில் நான்கு நாணயங்கள் கிடைத்தனவாம். ஒன்று, 1981 என்று ஆண்டு போட்டு, சேவல் உருவத்தோடு இருக்கும் சிங்கப்பூர் 10 டாலர். இரண்டாவது, ஒரு பக்கம் எலிசபெத் ராணி, மறுபக்கம் டிராகன், ஆஸ்திரேலியா 1 டாலர், 2012. மூன்றாவது, மஞ்சள் நிறத்தில் சிறியது. ஆட்டுப் படம், சீன எழுத்து, 1 யுவான், 2003. நான்காவது, தங்கம்போல் பளபளக்கும் பெரிய வில்லை. ஒரு பக்கம் டிராகன், மறுபக்கம், சீன நாட்காட்டியில் ஆண்டுக்கு ஒன்றாக மாறி வரும் பன்னிரண்டு விலங்குகளும் வட்டமாக. அதன் அகலம் 40 மி.மீ., தடிமன் 3 மி.மீ., எடை 28 கிராம் என்று அளந்தும் எழுதியிருக்கிறார். இணையத்தில் அறிமுகமான ஒருவர் சேவலுக்கு மட்டும் 3 லட்சம் தருவதாகச் சொல்லி, அதற்குமுன் பதிவுக் கட்டணமாக 4,500 ரூபாய் கட்டச் சொல்கிறாராம். இவை தங்கமா வெள்ளியா, என்ன விலை போகும், பூஜை அறையில் வைக்கலாமா என்பது கேள்வி.

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்த 4,500 ரூபாயைக் கட்டாதீர்கள். நாணயம் வாங்குகிறவர் பணம் கொடுப்பாரே தவிர, விற்கிறவரிடம் பணம் கேட்க மாட்டார். பதிவுக் கட்டணம் கட்டியதும் ஜி.எஸ்.டி. என்பார்கள், பிறகு கூரியர் காப்பீடு என்பார்கள், அப்புறம் ரிசர்வ் வங்கியின் சான்றிதழ் என்பார்கள். 2021 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கியே எச்சரிக்கை வெளியிட்டது: பழைய நோட்டு, நாணய வியாபாரத்தில் தங்களுக்கு எந்தத் தொடர்பும் கிடையாது, தங்கள் பெயரைச் சொல்லிக் கட்டணமோ கமிஷனோ வசூலிக்க யாருக்கும் அனுமதி தரவில்லை என்று. வைஷ்ணோ தேவி உருவம் போட்ட 5 ரூபாய், 10 ரூபாய் நாணயத்துக்கு லட்சக்கணக்கில் விலை என்று காணொளிகள் சுற்றியது உங்களுக்கும் நினைவிருக்கலாம். அதே முறைதான் இப்போது சேவலின் பெயரில் வந்திருக்கிறது. ஏற்கெனவே பணம் அனுப்பியிருந்தால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள். வங்கிக் கணக்கு விவரம் கொடுத்திருந்தால் கிளையில் போய்ச் சொல்லிவையுங்கள்.

சரி, இனி கேள்விக்கு வருகிறேன். என்ன விலை என்று நீங்கள் கேட்பதற்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. இதை வெளியிட்டது யார், இது என்ன உலோகம், இதைக் காசு கொடுத்து வாங்கும் ஆள் எங்கே இருக்கிறார். பலரும் மூன்றாவதில் தொடங்கிவிடுகிறார்கள். ஏமாற்றுகிறவர்களுக்கு அதுதான் வசதி. நான் பாலக்காட்டுச் சித்தூர் தாலுக்காவிலும் பொள்ளாச்சிப் பக்கமுமாகப் பல வருடம் வங்கிக் கிளைகளுக்கு நகை மதிப்பீட்டாளராக இருந்தவன். சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா என்று போய்வந்த குடும்பங்கள் நிறைந்த பகுதி. பணயம் (அடகு) வைக்க வருகிறவர்கள் வளையலோடு சேர்த்து ஒரு வெளிநாட்டு நாணயத்தையும் எடுத்து, இதையும் கொஞ்சம் பாருங்கள் என்று நீட்டுவார்கள். அப்படித்தான் எனக்கு இதில் ஈடுபாடு வந்தது. முதல் இரண்டு கேள்விகளுக்கு உறுதியான பதிலை நீங்களே இந்த வாரத்துக்குள் கண்டுபிடித்துவிட முடியும், அதற்கான வழியைச் சொல்கிறேன். மூன்றாவதற்கு எப்படி யோசிப்பது என்று மட்டும் சொல்வேன். தொகை சொல்ல மாட்டேன். நாணயத்தைக் கையில் வாங்கிப் பார்க்காமல் தொகை சொல்கிறவரை நம்பவும் வேண்டாம்.

இந்த விலங்கு நாணயங்களுக்குப் பெரிய பழமை கிடையாது. பழங்காலச் சீனப் பொருள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆண்டுக்கு ஒரு விலங்கு என்று வரிசையாக நாணயம் விடும் இன்றைய வழக்கம் ஹாங்காங்கில் 1976 டிராகன் ஆண்டில் தொடங்கியது. அப்போது அது பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்தது. 1,000 டாலர் முகமதிப்பு, 22 காரட் தங்கம், எடை 15.98 கிராம். நம் கணக்கில் கிட்டத்தட்ட இரண்டு பவன். 1987 முயலோடு அந்தப் பன்னிரண்டும் முடிந்தது. 1981 சேவல் ஆண்டில் சீனாவும் சிங்கப்பூரும் ஒரே சமயத்தில் இறங்கின. சீனா விட்ட முதல் வரிசைத் தங்க நாணயம் 8 கிராம், அதாவது சரியாக ஒரு பவன். கூடவே 15 கிராம் வெள்ளி. சூ பெய்ஹோங் போன்ற பெரிய ஓவியர்களின் படங்களைப் பார்த்துச் செதுக்கிய அந்த வரிசை இன்றும் எனக்கு எல்லாவற்றிலும் அழகானதாகத் தெரிகிறது. 1981 சேவலைத் தங்கத்தில் ஏறக்குறைய 5,000, வெள்ளியில் 10,000 என்று மிகக் குறைவாக விட்டார்கள். உண்மையிலேயே அபூர்வம் என்று சொல்லத் தக்கவை அவைதான். ஆஸ்திரேலியாவின் பெர்த் நாணயச் சாலை 1996இல் தங்கத்திலும் 1999இல் வெள்ளியிலும் தொடங்கியது. கனடா 1998 புலி ஆண்டிலிருந்து, வெள்ளி நாணயத்தின் நடுவில் பொன்பூச்சுப் பதக்கம் வைத்து 15 டாலராக விட்டது. பிரிட்டனின் ராயல் மின்ட் 2014 குதிரை ஆண்டில்தான் வந்து சேர்ந்தது. அந்தக் குதிரை நாணயத்தில் ஒரு பகுதிக்கு ராணி பக்கத்து அச்சு மாறி, அதே சாலை விடும் பிரிட்டானியா என்ற வேறொரு வெள்ளி நாணயத்துக்கு உரிய அச்சு விழுந்துவிட்டது. அந்தப் பிழை நாணயங்களைத் தேடி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். பிறகு பசிபிக் கடலின் குட்டித் தீவுகள் பெயரிலெல்லாம் வரத் தொடங்கின. இன்று யார் எந்த விலங்கை எத்தனை வகையில் விட்டார்கள் என்று கணக்கு வைப்பதே கஷ்டம்.

உங்கள் சேவலைப் பார்ப்போம். 1981 சிங்கப்பூர் 10 டாலர் சேவல் இரண்டு விதமாக வந்தது. பொது மக்களுக்குச் சிவப்பு உறையில் விற்றது நிக்கல் நாணயம். சேகரிப்பாளர்களுக்கு வெள்ளிப் பதிப்பு தனியாக வந்தது. அது கண்ணாடிபோல் மின்னும் பின்னணியில், மேடான உருவம் மட்டும் மங்கலாகத் தெரியும்படி அச்சிட்டது. நம் ஊரில் இங்கேதான் ஒரு குழப்பம் நடக்கும். வீட்டில் யாராவது காந்தத்தை வைப்பார்கள், நாணயம் கப்பென்று ஒட்டிக்கொள்ளும், உடனே இரும்பு, போலி என்று தூக்கிப் போடுவார்கள். தூய நிக்கல் காந்தத்தில் ஒட்டும். ஆகவே உங்கள் சேவல் ஒட்டினால் அது அசல் நிக்கல் நாணயமாக இருப்பதற்கே வாய்ப்பு அதிகம். வெள்ளிப் பதிப்பு ஒட்டாது. இதற்குமேல் சேவலுக்குச் சோதனை தேவையில்லை, ஏனென்றால் நிக்கல் பதிப்பு நிறைய வந்தது. இன்றும் சிங்கப்பூரில் எளிதாகக் கிடைக்கிறது. போலி செய்ய யாரும் மெனக்கெடுவதில்லை. அதற்கு 3 லட்சம் என்பது நடக்காத விஷயம். ஆயிரங்களைத் தாண்டும் என்றுகூட எதிர்பார்க்காதீர்கள். மாமா சிவப்பு உறையைப் பத்திரமாக வைத்திருக்கிறாரா என்று பெட்டியில் இன்னொரு முறை தேடுங்கள். உறையோடு இருப்பதற்கும் வெறும் நாணயத்துக்கும் வாங்குகிறவர் பார்வையில் வித்தியாசம் உண்டு.

நான்கில் முக்கியமானது டிராகன். ஆஸ்திரேலியாவில் இரண்டு நாணயச் சாலைகள் விலங்கு நாணயம் விட்டிருக்கின்றன, பெர்த்திலும் கான்பெராவிலும். கான்பெரா சாலை 1 டாலரை மஞ்சள் நிற அலுமினிய வெண்கலத்திலும் விட்டது. அதனால் டிராகன், 1 டாலர் என்று மட்டும் எழுதினால் போதாது. ராணி முகம் இருக்கும் பக்கத்தில் 1 அவுன்ஸ், 999 வெள்ளி என்று பொறித்திருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது பெர்த்தின் இரண்டாம் வரிசை, 2008 முதல் 2019 வரை ஓடியது. அந்த வரிசையில் சாதாரண ஒரு அவுன்ஸ் வெள்ளி நாணயத்தை ஆண்டுக்கு 3,00,000 என்ற உச்சவரம்போடு விட்டார்கள். டிராகனுக்கு உலகம் முழுக்க ஆள் அதிகம் என்பதால் 2012 டிராகன் சீக்கிரமே விற்றுத் தீர்ந்தது. விரும்புகிறவர்கள் அதிகம் என்பதாலேயே போலியும் அதிகம். அசல் 45.6 மி.மீ. அகலத்தில், சற்று மெல்லியதாக இருக்கும். உருவம் மிக மேடாக எழும்பிய சிறப்புப் பதிப்பு ஒன்று மட்டும் அகலம் குறைந்து தடித்திருக்கும். உங்களுடையது 40 மி.மீ. சுற்றி இருந்து உருவமும் சாதாரண மேடுதான் என்றால் சந்தேகப்படுங்கள்.

எடை ஒரு டிராய் அவுன்ஸ், அதாவது 31.1 கிராமுக்குக் குறையக் கூடாது. ஒரு துளி கூட இருக்கலாம். எடை சரியாக இருந்துவிட்டால் வெள்ளி என்று முடிவு கட்டிவிடாதீர்கள். போலி செய்கிறவரும் தராசு வைத்திருப்பார், தடிமனைக் கூட்டி எடையைச் சரிக்கட்டிவிடுவார். எடை, அகலம், தடிமன் மூன்றும் ஒருசேரப் பொருந்துவதுதான் அவருக்கு முடியாத காரியம். அதை நேரடியாகச் சோதிக்கத்தான் தண்ணீர்க் கணக்கு. 0.01 கிராம் வரை காட்டும் சின்ன எலெக்ட்ரானிக் தராசு வேண்டும். முதலில் நாணயத்தை நிறுத்து எழுதிக்கொள்ளுங்கள். பிறகு ஒரு டம்ளரில் தண்ணீர் ஊற்றித் தராசில் வைத்து, எண்ணை பூஜ்யம் ஆக்குங்கள். நாணயத்தை மெல்லிய நூலில் கட்டித் தண்ணீருக்குள் முழுக்க மூழ்கவிடுங்கள். அடியிலோ பக்கத்திலோ படக் கூடாது, குமிழி ஒட்டியிருந்தால் லேசாக ஆட்டி விடுங்கள். இப்போது தராசு காட்டும் எண்ணால் முதலில் எழுதிய எடையை வகுங்கள். வெள்ளியானால் 10.5 பக்கத்தில் வரும், அதாவது 31.1 கிராம் நாணயத்துக்குத் தராசு 2.96 அல்லது 2.97 காட்டும். செம்பு-நிக்கல் போலியானால் 3.5 காட்டும், வகுத்தால் 8.9 வரும். பித்தளை 8.5 சுற்றி, இரும்பு 7.9. இந்த வித்தியாசம் பெரியது, கை நடுக்கத்தால் வரும் பிழை அதை மறைக்காது. கண்ணாடி மினுக்குள்ள சிறப்புப் பதிப்புகளுக்கு மட்டும் இதைச் செய்யாதீர்கள், தண்ணீர்த் தடம் படிந்துவிடும். உங்கள் டிராகனுக்குச் செய்வதானால் பேட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த தண்ணீரை வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள்.

வீட்டில் செய்ய மனமில்லை என்றால் டச் பார்க்கும் கடைக்குப் போங்கள். பொள்ளாச்சியிலும் பாலக்காட்டிலும் கோவை ராஜ வீதிப் பக்கமும் எக்ஸ்-கதிர் மெஷின் வைத்திருக்கிறார்கள். நாணயத்துக்குச் சேதம் இல்லாமல் வெள்ளி எத்தனை சதவீதம் என்று சீட்டு அடித்துக் கொடுப்பார்கள். போகும்போதே உரசக் கூடாது, மெஷினில் மட்டும் பாருங்கள் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். நகைக்கடைக்காரர் கை உரைகல்லை நோக்கிப் போவது பழக்கம். அவர் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை. ஆனால் விளிம்பில் ஒரு உரசல் விழுந்தால் சேகரிப்பாளர் பார்வையில் அது வெறும் உலோகத் துண்டாகிவிடும். மெஷினுக்கும் ஒரு வரம்பு உண்டு: மேல்தோல் அளவுதான் அது பார்க்கும். பூச்சு தடிப்பாக இருந்தால் உள்ளே இருக்கும் செம்பு அதன் கண்ணில் படாது. அதனால்தான் தண்ணீர்க் கணக்கையும் மெஷின் சீட்டையும் சேர்த்துப் பார்க்கச் சொல்கிறேன். இரண்டும் ஒன்றையே சொன்னால் உலோகம் பற்றிய சந்தேகம் தீர்ந்தது. அப்போதும் வெள்ளியில் வார்த்த போலி என்ற ஒன்று மிச்சம் இருக்கும். அதை எழுத்தின் கூர்மை, டிராகன் செதிலின் நேர்த்தி, பெர்த்தின் அடையாளமான சின்ன எழுத்து இவற்றைப் பூதக்கண்ணாடியில் பார்த்துப் பழகியவர்தான் சொல்ல முடியும். போட்டோவில் பார்த்து நான் சொல்ல மாட்டேன்.

ஆட்டுப் படம் போட்ட 1 யுவான், சீனா 2003இல் தொடங்கிய புத்தாண்டு நினைவு நாணய வரிசையின் முதலாவது. 2014 குதிரையோடு அந்தச் சுற்று முடிந்தது. 2015 ஆட்டிலிருந்து 10 யுவானாக, இரு உலோக நாணயமாக மாற்றினார்கள். இந்த இரண்டிலும் வெள்ளியோ தங்கமோ கிடையாது. ஆனால் 10 யுவான் கதையைச் சொல்ல வேண்டும், விலை எப்படி ஆடும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை. 2015 ஆடு 8 கோடி அச்சானது. வரிசையில் நின்று வாங்கினார்கள், வெளியே விலை ஏறியது. அடுத்த ஆண்டு குரங்கை 50 கோடி அச்சிட்டுவிட்டார்கள். அரசு விடுகிற நாணயத்துக்கு அரசே எண்ணிக்கையைக் கூட்டினால் அபூர்வம் என்ற சொல்லுக்கே இடமில்லை. உங்கள் 2003 ஆடு அந்த அளவுக்குப் பெருகியதில்லை. வரிசையில் முதலாவது என்பதால் பன்னிரண்டையும் சேர்க்க நினைப்பவர் இதைத்தான் முதலில் தேடுவார். ஒற்றை நாணயமாக விற்காமல் வைத்திருங்கள் என்பது என் எண்ணம்.

தங்க நிறத்து வில்லைக்குச் சோதனையே வேண்டாம், நீங்கள் அனுப்பிய அளவே பதில் சொல்லிவிடுகிறது. 40 மி.மீ. அகலம், 3 மி.மீ. தடிமன் உள்ள வட்டின் கன அளவு ஏறக்குறைய 3.8 கன சென்டிமீட்டர். உருவத்தின் மேடு பள்ளத்துக்குக் கொஞ்சம் கழித்தாலும் 3.5 வரும். தங்கத்தின் அடர்த்தி 19.3. அப்படியானால் அந்த வட்டு 65 கிராமுக்கு மேல் நிறுக்க வேண்டும். உங்களுடையது 28. வகுத்தால் 8 சுற்றி வருகிறது. இரும்பு அல்லது பித்தளை மேல் பூசிய பொன். காந்தம் வைத்துப் பாருங்கள், ஒட்டினால் உள்ளே இரும்பு. நாட்டின் பெயரும் முகமதிப்பும் இல்லாததால் இது நாணயமே அல்ல, நினைவுப் பதக்கம். கடைகளிலும் இணையத்திலும் பரிசுப் பொருளாகச் சில நூறு ரூபாய்க்கு விற்பது. இந்த வகையில் 24 காரட், 999 என்று பெரிதாகப் பொறித்திருப்பதைப் பார்த்துப் பலர் மயங்குகிறார்கள். பக்கத்திலேயே ஜி.பி., ஹெச்.ஜி.இ., க்ளாட், 100 மில்ஸ் என்று எதாவது சின்னதாக இருக்கும். அவை எல்லாமே மேலே பூசிய பொன்னைத்தான் குறிக்கின்றன. 999 என்பது அந்த மெல்லிய பூச்சின் தரம். இதைத் தங்கம் என்று நம்பிப் பணயம் வைக்கக் கொண்டுவந்து, முகம் வாடித் திரும்பிய பலரைப் பார்த்திருக்கிறேன். மாமா இதைத் தங்கம் என்று நினைத்து வாங்கியிருப்பார் என்று எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. புத்தாண்டுக்கு வேலை செய்த இடத்தில் கொடுத்த அன்பளிப்பாகவே பெரும்பாலும் இருக்கும்.

இப்போது விலை. டிராகன் வெள்ளி என்று உறுதியானால் அதற்கு ஒரு அடித்தளம் கிடைத்துவிடுகிறது: அன்றைய வெள்ளி கிராம் விலை பெருக்கல் 31.1. முகமதிப்பான 1 ஆஸ்திரேலிய டாலரை மறந்துவிடுங்கள், அது பேருக்குப் போட்டது. நம் ஊர் வெள்ளிக்கடையில் கொடுத்தால் இந்த அடித்தளத்திலிருந்து கழிவு போட்டு எடுப்பார்கள். அவர்களுக்கு அது உருக்குவதற்கு வந்த வெள்ளி, டிராகனுக்கு விலை இல்லை. சேகரிப்பாளர் கையில் அதே நாணயம் அடித்தளத்துக்கு மேல் ஒரு தொகை பெறும். எவ்வளவு மேலே என்பது நாணயத்தின் நிலை, அந்த ஆண்டு டிராகன் மோகம், எதிரில் இருப்பவர் எத்தனை வருடமாக அதைத் தேடுகிறார் என்பதையெல்லாம் பொறுத்தது. இணையதளங்களில் கேட்கிற விலையைப் பார்க்காதீர்கள், விற்று முடிந்த விலையை மட்டும் பாருங்கள். பத்து லட்சம் என்று போட்டுவைக்க யாருக்கும் செலவில்லை. அமெரிக்காவின் பி.சி.ஜி.எஸ்., என்.ஜி.சி. நிறுவனங்கள் நாணயத்தை ஆராய்ந்து 70க்கு இத்தனை என்று மதிப்பெண் கொடுத்துப் பிளாஸ்டிக் கூட்டில் அடைத்துத் தருகின்றன. விலை உயர்ந்த நாணயத்துக்கு அது பயன்தான். ஒரு அவுன்ஸ் வெள்ளிக்கு அனுப்பும் செலவும் கட்டணமும் சேர்ந்து லாபத்தைத் தின்றுவிடும். ஏற்கெனவே கூட்டில் இருக்கும் நாணயத்தை யாராவது விற்க வந்தால், கூட்டின் மேல் உள்ள எண்ணை அந்த நிறுவனத்தின் தளத்தில் போட்டு, அங்கே வரும் படமும் கையில் இருப்பதும் ஒன்றுதானா என்று பாருங்கள். கூட்டையும் போலியாகச் செய்கிறார்கள். விற்கத்தான் வேண்டும் என்றால் கோவையிலோ சென்னையிலோ நடக்கும் நாணயக் கண்காட்சிக்கு நேரில் கொண்டுபோங்கள். ஒரே மேசையில் முடிவு செய்யாமல் இரண்டு மூன்று பேரிடம் கேளுங்கள்.

என்னைக் கேட்டால், பணத்துக்கு அவசரத் தேவை வராத வரை டிராகனை விற்க மாட்டேன். பணயத்துக்கும் இதை நம்பவேண்டாம். நான் வேலை பார்த்த கிளைகளில் வங்கிகள் விற்ற முத்திரைத் தங்க நாணயத்தைத்தான் எடுத்தோம். வெளிநாட்டு வெள்ளியைத் திருப்பிக் கொடுத்துவிடுவோம்.

பூஜை அறை பற்றிக் கேட்டதற்கு, நம்பிக்கை விஷயத்தில் நான் சொல்ல ஒன்றுமில்லை. மாமாவின் நினைவாக அவர் படத்துக்குப் பக்கத்தில் வைக்க ஆசைப்பட்டால் வையுங்கள். ஆனால் பூஜை அறையில் வெள்ளிக்கு ஆகாதவை நிறைய இருக்கின்றன. சந்தனமும் குங்குமமும் நாணயத்தின் மேல் வைத்தால் ஈரத்தோடு பிடித்துக்கொள்ளும். அப்புறம், வெள்ளிக் குத்துவிளக்கைத் துலக்குவதுபோல் விபூதி போட்டுத் தேய்ப்பது நம் வீடுகளில் பழக்கம். நாணயத்துக்கு அதைச் செய்யாதீர்கள். புளி, பல்பொடி, பற்பசை, எலுமிச்சை எதுவும் கூடாது. தேய்த்தால் பார்க்கப் பளிச்சென்று இருக்கும், பூதக்கண்ணாடியில் ஆயிரம் கீறல் தெரியும், சேகரிப்பு மதிப்பு அங்கேயே போய்விடும். கறுத்த வெள்ளி கெட்டுப்போன வெள்ளி அல்ல. காற்றில் உள்ள கந்தகம் பட்டு வரும் மெல்லிய படலம். பல சேகரிப்பாளர்கள் அந்த நிறத்தை விரும்பியே வாங்குகிறார்கள். நாணயத்தில் பால் தெறித்ததுபோல் வெள்ளைப் புள்ளிகள் இருந்தாலும் பயப்பட வேண்டாம், புது வெள்ளி நாணயங்களில் அடிக்கடி வருவது, தேய்த்துப் போகாது.

இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழை மாதங்களில் நம் பக்கத்து வீடுகளில் பீரோவுக்குள்ளேயே ஈரம் இறங்கும். ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி வைக்காதீர்கள், ரப்பரில் உள்ள கந்தகம் கோடு கோடாகக் கறுக்கவைக்கும். செய்தித்தாளில் சுற்றாதீர்கள். மலிவான மெத்தென்ற பி.வி.சி. உறையில் வருடக்கணக்கில் கிடந்தால் பச்சையாகப் பிசுபிசுப்பு படியும். மாமாவின் நாணயம் அப்படி இருந்தால் தூய அசிட்டோனில் சில நிமிடம் ஊறவிட்டு எடுத்தால் போய்விடும், நகப்பூச்சு நீக்கியில் வேறு சேர்மானம் இருக்கும் என்பதால் அது வேண்டாம். காற்றோட்டமான இடத்தில், அடுப்பும் விளக்கும் இல்லாமல் செய்யுங்கள். பிறகு நாணயத்தின் அகலத்துக்குப் பொருந்தும் கெட்டிப் பிளாஸ்டிக் வட்டக் கூடு வாங்கி அடைத்து, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு டப்பாவில் வையுங்கள். அந்தக் கூட்டோடேயே பூஜை அறையிலும் வைக்கலாம். எடுக்கும்போது விளிம்பைப் பிடியுங்கள். முகத்தில் விரல் பட்டால் ரேகை அப்படியே பதிந்துவிடும்.

கேள்வியின் கடைசியில், உங்கள் மகள் 2012 ஜனவரி முதல் வாரத்தில் பிறந்தவள், டிராகன் அவளுடைய ஆண்டு நாணயம்தானே என்றும் எழுதியிருந்தீர்கள். ஆண்டு எண் பொருந்துகிறது, விலங்கு பொருந்தாது. அந்த ஆண்டு சீனப் புத்தாண்டு ஜனவரி 23 அன்றுதான் பிறந்தது, அதற்கு முன் பிறந்தவர்கள் முந்தைய முயல் ஆண்டில் சேர்வார்கள். நாணயத்தில் ஆங்கில ஆண்டு போட்டிருப்பதால் பலருக்கும் இந்த இடத்தில் கணக்குத் தவறிவிடும். 1981 சேவலும் பிப்ரவரி 5 முதல்தான். நம் பிரபவ, விபவ போல அவர்களுக்கும் அறுபது ஆண்டுச் சுற்று உண்டு: பன்னிரண்டு விலங்குகளோடு மரம், நெருப்பு, மண், உலோகம், நீர் என்ற ஐந்தும் மாறி மாறிச் சேரும். இப்போது ஓடும் சுற்று 1984இல் தொடங்கியது. நம்முடைய பிரபவ 1987இல். 2012 நீர் டிராகன், 2024 மர டிராகன். மகளுக்காகவே ஒன்று வாங்க நினைத்தால் 2011 முயல் வாங்குங்கள், பெர்த்தின் அதே வரிசையில் இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து நேரடியாக வரவழைப்பதானால் சுங்க வரி எவ்வளவு, அனுமதி தேவையா என்று ஆர்டர் போடும்முன் கேட்டுக்கொள்ளுங்கள். வெள்ளி, தங்க இறக்குமதி விதிகள் அடிக்கடி மாறுகின்றன. கோவையில் கண்காட்சி நடக்கும்போது இங்கேயே வாங்குவது உங்களுக்குச் சுலபம்.

சேவல் காந்தத்தில் ஒட்டியதா, டிராகனுக்கு வகுத்து வந்த எண் என்ன, அகலம் என்ன, இவற்றை எழுதுங்கள். கூடவே டிராகனின் இரு பக்கமும், விளிம்பும், பகல் வெளிச்சத்தில் எடுத்த படம் இருந்தால் எந்தப் பதிப்பு என்று சொல்லிவிடுகிறேன். பெட்டியில் ரசீது, சான்றட்டை, உறை எது கிடைத்தாலும் கிழிந்திருந்தாலும் தூக்கிப் போட வேண்டாம்.